தப்பான இடத்தில் கைதட்டியவள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஜாஸ் பைத்தியம். ஜாஸ் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் காரில் போகும்போது கேட்பார்கள், வீட்டுக்கு ஆள் வந்தால் நிறுத்திவிடுவார்கள். அத்தான் அந்த ரகம் இல்லை. ஆள் வந்தால்தான் சத்தத்தைக் கூட்டுவார். "இந்த இடம், இந்த ஒரே இடத்தை மட்டும் கேளுங்க" என்று வந்தவர் கையிலிருக்கும் காபி ஆறிப்போகும்வரை விடமாட்டார். அதற்குப் பயந்தே எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மீதிப் பேர் முதலில் போன் செய்து, "அவர் இருக்காரா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் கிளம்பி வருவார்கள்.

பிழைப்புக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடங்களின் லிஃப்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. மொட்டை மாடியில் மோட்டார் அறை என்று ஒன்று இருக்கும், கிரீஸ் நாற்றமும் புறா எச்சமுமாக. அங்கே போய் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற இயந்திரத்தின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அதில் கேட்குமாம். "எல்லா மெஷினும் ஏதோ ஒண்ணு வாசிச்சுக்கிட்டுதான் இருக்கு, சின்னவளே" என்பார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். எனக்குத் தலை நரைத்த பிறகும் நான் அவருக்குச் சின்னவள்தான்.

அக்காவுக்கு அவர் கிடைத்ததே ஒரு லிஃப்டில்தான். நாங்கள் இரண்டு பேரும் அப்போது ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். அவள் மேல்மாடியில் இன்சூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட், நான் அவளுக்கு ஒரு மாடி கீழே ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில். ஒருநாள் காலையில் நாங்கள் ஏறின லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. நான் போட்ட கூச்சலில் கட்டடமே கூடியிருக்கும். கொஞ்ச நேரத்தில் தலைக்குமேல் பலகை நகர்ந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"கத்தாதீங்கம்மா, கயிறெல்லாம் அறுந்து விழாது. சினிமாலதான் விழும்."

முகம் மறைந்தது. பிறகு மேலிருந்து ஸ்பானர் சத்தம் வந்தது, கூடவே ஒரு முனகலும் வந்தது. டுப்புடு, டா, டுப்பு, டா என்று ஒழுங்கில்லாமல் ஏதோ. அக்கா அண்ணாந்து பார்த்து, "ஏங்க, வலிக்குதா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"வலி இல்லைங்க. ஜாஸ்."

உயிர் போகப்போகிறது என்று நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், இவள் பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்த வருஷமே கல்யாணம்.

அக்காவுக்கு ஜாஸ் பிடிக்காது. அத்தானைப் பிடிக்கும். அதனால் அவர் எந்தக் கச்சேரிக்குக் கூப்பிட்டாலும் தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிடுவாள். குழந்தை இல்லாத வீடு. இரண்டாவது அறை முழுக்க ரெகார்டுகள், தரையிலிருந்து கூரை வரைக்கும். "ஒரு சக்களத்தின்னா தலைமயிரைப் பிடிச்சு வெளிய தள்ளிடலாம்டி. இவருக்கு ஒரு ரூம் நிறைய இல்ல இருக்காளுங்க" என்று சிரிப்பாள். தூசி தட்டுவதும் அவள்தான். இவர் தட்டவிட மாட்டார் என்பதால் இவர் வேலைக்குப் போனபிறகு தட்டுவாள்.

ரெகார்டு சேர்க்கிறவர்களுக்கென்று ஒரு கிறுக்கு உண்டு. ஒவ்வொரு தட்டிலும், வாசிப்பு முடிந்து நடுவில் வருகிற வழவழப்பான இடத்தில், ஊசியால் கீறின மாதிரி ஓர் எண் இருக்கும். அது முதல் அச்சா, இரண்டாம் அச்சா என்பது அந்த எண்ணில்தான் தெரியும். அத்தான் எந்தத் தட்டையும் உறையிலிருந்து உருவியதும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து முதலில் அதைத்தான் படிப்பார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரி. அதைப் பார்க்காமல் எந்தத் தட்டும் அந்த வீட்டில் சுற்றினதில்லை.

இனி அந்தக் கச்சேரி.

வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பெரிய மண்டபம். அத்தானுடைய சிநேகிதர் ஒருவருக்குக் காய்ச்சல் என்பதால் அவர் டிக்கெட் என் தலையில் விழுந்தது. உள்ளூர் ரெகார்டு கம்பெனி ஒன்று அந்தக் கச்சேரியைப் பதிவு செய்கிறது என்று மைக்குகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒன்று சரியாக எங்கள் தலைக்குமேல்.

ஜாஸில் ஒரு வழக்கம். ஒவ்வொருவராகத் தனியாக வாசிப்பார்கள். ஒருவருடைய தனி வாசிப்பு முடிந்ததும், மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கைதட்ட வேண்டும். எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை. அக்கா எப்போதும் ஊரோடு ஒத்து, கடைசி ஆளாகத் தட்டுவாள். அன்றைக்கு என் காதில் கிசுகிசுத்தாள்: "பாத்துக்கிட்டே இருடி. இன்னிக்கு நான்தான் முதல்ல தட்டப்போறேன். உங்க அத்தான் அசந்துடணும்."

ஆளுயரத்துக்கு ஒரு வாத்தியம், டபுள் பாஸ். அதை வாசித்தவர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, இன்னும் மெதுவாக இறங்கிக்கொண்டே வந்து, சட்டென்று நிறுத்தினார். முடிக்கவில்லை. மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு நிறுத்தம். மண்டபமே வாயடைத்துப் போய் அடுத்த ஒலிக்காகக் காத்திருக்கிறது.

என் அக்கா படபடவென்று கைதட்டினாள்.

ஒற்றை ஆளாக, மனசாரத் தட்டினாள். தட்டின பிறகுதான் தெரிந்தது. "அச்சச்சோ!" என்றாள், அதுவும் வாய்விட்டு. அத்தான் "ஷ்ஷ்!" என்று அதட்டினார். மேடையில் டிரம்பெட்காரர் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு, டிரம்பெட்டைத் தூக்கி, அக்கா தட்டின தாளத்தையே பப்பபா பப்பபா என்று திருப்பி வாசித்தார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. பாஸ்காரர் கண்ணைத் திறக்காமலே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அத்தானுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. பஸ் நிறுத்தம் வரைக்கும் பேசவில்லை. அங்கே வந்ததும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "உலகத்துலயே அந்த டிரம்பெட் ஆளு கூட வாசிச்சவங்க பட்டியல்ல இனிமே நீயும் உண்டுடி" என்றார்.

அடுத்த வருஷம் அந்தத் தட்டு வெளிவந்தது, கைதட்டலோடு, அச்சச்சோவோடு, ஷ்ஷோடு. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் போதும். "என்னை ஊர் முன்னாடி அதட்டினவர்தானே நீங்க? சாட்சி இருக்கு, போடவா?" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

சனிக்கிழமைகளில் அத்தானைப் போன்ற கிறுக்கர்கள் நாலைந்து பேர் அந்த வீட்டில் கூடுவார்கள். அவர்களில் முக்கியமானவர் ஒரு கணக்கு வாத்தியார். ஒருநாள் அவர் ஒரு புதுத் தட்டோடு வந்து, ஏதோ போரில் ஜெயித்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

"ரெண்டாவது அச்சு வந்துடுச்சு. அந்த முட்டாள் பொம்பளை கைதட்டினதை வெட்டித் தூக்கிட்டாங்க. இப்ப சுத்தமா இருக்கு."

அக்கா காபித் தட்டோடு உள்ளே வந்தவள், அவர் முன்னால் ஒரு கோப்பையை வைத்தாள். "அந்த முட்டாள் பொம்பளை நான்தாங்க. சக்கரை போதுமா பாருங்க."

வாத்தியாருக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அவர் வாழ்நாளில் அந்த வீட்டில் சக்கரை கேட்டதில்லை.

அத்தான் இரண்டாவது அச்சை வாங்கவே இல்லை. அடையாளமும் சுலபம். முதல் அச்சின் அட்டையில் படத்தை இடவலம் மாற்றி அச்சடித்துவிட்டார்கள், டிரம்பெட்காரர் இடதுகைக்காரர் மாதிரி தெரிவார். இரண்டாவதில் திருத்திவிட்டார்கள். பல வருஷம் கழித்து, ரெகார்டுக் கடை ஒன்று மூடப்போகிறது என்று கேள்விப்பட்டு ஓடினார். அந்தக் கடைக்காரரை எல்லோரும் தூசி என்றுதான் கூப்பிடுவார்கள், கடை அப்படி. அந்தத் தூசிக்குள்ளிருந்து, மேலே ஒட்டின பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்காமல், இடதுகை டிரம்பெட்டோடு ஒரு பிரதி அகப்பட்டது. அன்றைக்கு அத்தான் வீட்டுக்கு வந்த வரத்து எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிறந்த குழந்தையைத் தூக்கி வருகிறவர்கள்கூட அவ்வளவு பத்திரமாக வரமாட்டார்கள்.

"பிரிச்சுப் போடுங்களேன், புதுசுல நான் எப்படி இருக்கேன்னு பாப்போம்" என்றாள் அக்கா.

"பிரிக்கக் கூடாதுடி. பிரிக்காம இருக்கறதுதான் அதுக்கு அழகு."

"நல்லா இருக்கே. இவரு என்னைப் பொட்டலம் கட்டி அலமாரில வெக்கறாரு" என்றாள் என்னைப் பார்த்து.

அங்கேதான் வினை. பிரித்தால்தானே உள்ளே இருக்கிற எண்ணைப் பார்க்க முடியும்? அட்டையை நம்பினார். இந்த உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். சாமான் வாங்குகிற எவரும் பிரித்துப் பார்ப்பார்கள். இந்த ரெகார்டுக் கிறுக்கர்கள் மட்டும்தான் பொருளின்மேல் உள்ள ஆசையாலேயே அதைத் திறக்காமல் வைப்பார்கள்.

பிறகு அக்கா செத்துப்போனாள். இதை வேறு மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை. வயிற்றில் வலி என்றாள், கட்டி என்றார்கள், மழைக்காலம் முடிவதற்குள் ஆள் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் சொன்னது, "அந்த மனுஷன் சாப்பிட்டாரான்னு பாத்துக்கோடி" என்பதுதான்.

பார்த்துக்கொண்டேன். வேலை முடிந்து நேரே அங்கே போவேன். வாசலிலேயே கேட்கும். பாஸ் மெதுவாக இறங்கும், நிற்கும். படபட. அச்சச்சோ. ஷ்ஷ். பப்பபா. அதற்குமேல் ஓடாது. பிளேயர் முள்ளைத் தூக்கி, கொஞ்சம் முன்னால் மறுபடி வைப்பார். பாஸ் இறங்கும். நிற்கும். படபட. அச்சச்சோ.

முதலில் எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன், நானும் அழுதேன். போகப்போக என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் அவரே சொன்னார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அவ பேசினது ஒரு வார்த்தை. அதுக்கு நான் சொன்ன பதிலைப் பாத்தியா, சின்னவளே? ஷ்ஷ்! காலம் பூரா கேக்கற மாதிரி பதிஞ்சு வெச்சிருக்கேன்."

"அத்தான், அவ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ."

"அவ சிரிச்சா. நான்தானே சொன்னேன்?"



ரெகார்டு என்பது போடப்போடத் தேய்கிற பொருள், சோப்பு மாதிரி. அதை ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் அவர். ஒரே நாளில் ஒரே தட்டை இரண்டு தடவை போடக் கூடாது என்று கணக்கு வாத்தியாரிடம் சண்டை பிடித்தவர். அவரே ஒரே இடத்தில் முள்ளை இறக்கி இறக்கி, அந்த இடம் மட்டும் வெளுத்துப்போனது. அக்கா குரலின் மேல் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி சடசடவென்று சத்தம் ஏறியது. அவள் உள்ளே எங்கேயோ தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் கை தவறி முள் வழுக்கிவிட்டது. குறுக்கே ஒரு கீறல். அதன்பிறகு பாஸ் நிற்பதற்கு முன்பே முள் எகிறி அடுத்த பாட்டுக்குப் போய் விழுந்தது. அவ்வளவுதான். அக்கா அந்தத் தட்டிலிருந்தும் போய்விட்டாள்.

நான் பதறிப்போனேன். அவர் சிரித்தார். "பரவாயில்ல. இன்னொரு அக்கா அலமாரில இருக்கா."

"அப்பவே போன்ல பதிஞ்சு வெச்சிருக்கலாமில்ல? நானும் ஒரு மண்டு, எனக்கும் தோணல."

"பிரிக்காத தட்டு இருக்கும்போது தேஞ்சுபோனதை யாராவது பதிவாங்களா?"

"சரி, அதையாவது இப்பப் பிரிங்க. நல்லதா பதிஞ்சு வெச்சுக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். "பிரிச்சா ஆரம்பிச்சிடும்."

"என்ன ஆரம்பிச்சிடும்?"

"தேய."

அந்தத் தட்டு அலமாரியில் தனியாக நின்றது. அதற்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு வைத்திருந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பிளாஸ்டிக் தாளின்மேல் கையை வைத்துவிட்டுப் போவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், வெளியே கிளம்பினால் வைப்பார்.

காது கெட ஆரம்பித்தது அதன் பிறகு. காலமெல்லாம் மோட்டார் அறையில் நின்றதோ, வயசோ, யார் கண்டது? நான் கதவைத் தட்டினால் திறக்க மாட்டார். கச்சேரியில் மெல்லிசான சத்தமெல்லாம் போய்விட்டது என்று புலம்பினார். காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இடது காது ஏற்கெனவே போய்விட்டது, வலது காது போய்க்கொண்டிருக்கிறது, நிறுத்த வழியில்லை என்றார் அவர். கருவி ஒன்று மாட்டினார்கள். பேச்சு கேட்டது. ஜாஸ் மட்டும் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டின மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார்.

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா, அத்தான்? காது முழுக்க அடைச்சப்புறம் அந்த அட்டையைத் தடவிக்கிட்டா உக்காந்திருப்பீங்க? யாருக்காக அவளைப் பொட்டலம் கட்டி வெச்சிருக்கீங்க? அவளை ஒரே ஒரு தடவை கேட்டுடுங்க. தேஞ்சா தேயட்டும்!"

கத்தித்தான் சொன்னேன், கேட்க வேண்டுமே. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "அவ பிறந்தநாள் வருதில்ல, அன்னிக்கு" என்றார்.

அன்றைக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, கச்சேரிக்குப் போகிறவர் மாதிரி தயாராக இருந்தார். பிளேயருக்குப் புது முள் வாங்கிப் போட்டிருந்தார். நல்ல வெயில், ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. நான் போனைப் பதிவுக்குத் தயாராகக் கையில் வைத்திருந்தேன். பிளேடால் பிளாஸ்டிக் தாளின் ஓரத்தைக் கீறினார். தட்டை உருவினார். கண்ணாடி மாதிரி கறுப்பாகப் பளபளத்தது, ஒரு விரல் பட்டதில்லை. வழக்கம்போல ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்தார்.

அப்படியே நின்றார். நெடுநேரம் நின்றார்.

"தூசி இருக்கா, அத்தான்?"

காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வந்து தட்டைப் பிளேயரில் வைத்தார். மேஜை டிராயரைத் திறந்து தன் பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நுனியை மரத்தில் ஊன்றி, கைப்பிடியை வலது காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டார். கண்ணை மூடினார். "போடு" என்று எனக்குச் சைகை காட்டினார்.

முதலிலிருந்தே ஓடவிட்டேன். பியானோ வந்தது, டிரம்பெட் வந்தது. எனக்கு இந்தச் சங்கீதம் என்றைக்குமே செவிடன் காதில் ஊதின சங்குதான். ஆனால் அந்தப் பக்கம் மட்டும் எனக்கு வரிவரியாகத் தெரியும். பாஸ் தொடங்கியது. மெதுவாக இறங்கியது. இன்னும் மெதுவாக. நின்றது.

பப்பபா பப்பபா.

நடுவில் ஒன்றுமே இல்லை. கைதட்டல் இல்லை, அச்சச்சோ இல்லை, மண்டபத்தின் சிரிப்பு இல்லை. யாரும் எதுவும் கேட்காமலே டிரம்பெட் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு நகர்ந்தது. பாஸ் தொடர்ந்தது. வாத்தியார் அன்றைக்குச் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. வெட்டித் தூக்கிட்டாங்க. அட்டை பழசு, தட்டு புதுசு.

பக்கம் முடிகிறவரை அத்தான் அசையவில்லை. முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"எனக்குச் சரியா பிடிபடல, சின்னவளே. உனக்குக் கேட்டுச்சா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கடவுளே, அந்த முகம்.

"கேட்டுச்சு, அத்தான்" என்றேன், அவர் வலது காதருகே குனிந்து.

"கைதட்டினாளா?"

"படபடன்னு தட்டினா."

"அச்சச்சோன்னாளா?"

"சொன்னா. பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி இருந்துச்சு."

ஸ்க்ரூடிரைவரை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி இல்லாமல், மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"நான் அதட்டினது?"

"இல்ல."

"இல்லையா?"

"இந்தத் தட்டுல அது இல்லவே இல்ல, அத்தான். நீங்க அவளை ஒண்ணுமே சொல்லல."

என்னை நிமிர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார். "அப்போ இதுதான் நல்ல அச்சு" என்றார். எழுந்து தட்டை உறையில் போட்டு அலமாரியில் வைத்தார். நான் சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாயை எதற்குத் திறந்தேனோ, எப்படியும் அவருக்குக் கேட்கப்போவதில்லை.

மறுநாளே கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். எங்கேயாவது முதல் அச்சு ஒன்று கிடைத்தால் போதும், அத்தானுக்குத் தெரியாமல் மாற்றி வைத்துவிடலாம் என்று எனக்கு எண்ணம். வாத்தியார் தளர்ந்துபோயிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இருண்டுகொண்டே வந்தது.

"பழைய அட்டை மிச்சம் இருந்திருக்கும். அதுலயே புதுத் தட்டைப் போட்டு ஒட்டியிருக்கான் கம்பெனிக்காரன்" என்றார்.

"உங்ககிட்ட பழசு இருக்குமே? உங்க ஆளுங்க யார்கிட்டயாவது?"

"இல்லம்மா. அந்தக் கைதட்டலை எடுக்கணும்னு கம்பெனிக்குப் போய்ச் சண்டை போட்டதே நாங்கதான். உங்க அத்தான் மட்டும் அன்னிக்கு வரல, உடம்பு சரியில்லன்னாரு. அது யாருன்னு எங்களுக்கு அப்பத் தெரியாது. புதுசு வந்ததும் எல்லாரும் பழசைத் திருப்பிக் குடுத்து மாத்திக்கிட்டோம். அதையெல்லாம் உருக்கிட்டாங்க."

"உங்க காதுல கொள்ளிக்கட்டையை வெக்க! சுத்தமா வேணும்னா ஆளில்லாத மண்டபத்துல போய்க் கேக்கறதுதானே?" என்று கத்தினேன். பெரிய மனுஷர் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போதுதான் அதைச் சொன்னார். "ஒண்ணு மட்டும் சொல்றேம்மா. அவருக்குத் தெரியாம இருக்காது. எண்ணைப் படிக்காம அவர் ஒரு தட்டையும் போட்டதில்ல."

ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொண்டு அவர் அப்படியே நின்றது எனக்கு அந்த வாசலில்தான் உறைத்தது. முள் தட்டைத் தொடுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். தெரிந்துதான் என்னிடம் கேட்டார். நான் அவருக்காகப் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அந்த மனுஷன் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இதை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இனிப் பேசவும் முடியாது, இப்போது இரண்டு காதும் போய்விட்டது. கருவிக்கும் கேட்பதில்லை. சைகையிலும் உதட்டசைவிலும் ஓடுகிறது.

ஆனால் கச்சேரியை விடவில்லை. போன மாதம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், அதே பெரிய மண்டபம். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார். "செவிடருக்கு என்னடி கச்சேரி?" என்று சொந்தத்தில் ஒருத்தி கேட்டாள். அவளுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

முதல் வரிசை. உட்கார்ந்ததும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு வெறுங்காலைப் பலகைத் தரையில் ஊன்றிக்கொண்டார். எனக்கு மானம் போனது. பாஸ் வந்தால் உள்ளங்காலில் தெரியும் என்று சைகை காட்டினார். வாசித்தவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள், அன்றைக்கு இருந்த குழுவில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. பாஸ் வாசித்த பெண் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். அத்தானின் கால் விரல்கள் தரையை அழுத்திக்கொண்டிருந்தன. அவள் சட்டென்று நிறுத்தினாள். முடிக்கவில்லை, நிறுத்தினாள். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அத்தான் படபடவென்று கைதட்டினார்.

ஒற்றை ஆளாக, மனசார. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தரையில் அதிர்வு நின்றதும் முடிந்துவிட்டதென்று நினைத்துத் தட்டினாரா, தெரிந்தே தட்டினாரா, எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து யாரோ "ஷ்ஷ்!" என்று அதட்டினார்கள். அவருக்கு அது கேட்கவில்லை. அவர் மேடையிலிருந்த டிரம்பெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்பெட்காரன் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் பாவம், சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்?

அத்தான் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, என்னால் முடிந்த மட்டும் சத்தமாகக் கைதட்டினேன்.